கெடு முடிந்த அஞ்சலக பிபிஎஃப் கணக்கு: ஒரு மதிப்பீடு

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் எனக்கு வேலை வழியான வருங்கால வைப்பு நிதி கிடையாது. அதனால் 2009 ஜூனில், வீட்டுக்கு அருகிலிருந்த அஞ்சலகத்தில் பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். தொடங்கிய நிதியாண்டு முடிந்த நாளிலிருந்துதான் 15 ஆண்டுகள் எண்ணப்படும் என்பதால், அது 2025 மார்ச் இறுதியில்தான் முதிர்ந்தது. விலைவாசி ஏற்றத்திலிருந்து சேமிப்பைக் காக்க இந்தக் கணக்கு எந்த அளவுக்கு உதவியது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது வட்டி 8 விழுக்காடு. இடையில் 8.8 வரை ஏறி, 2020 ஏப்ரலில் 7.1க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. பழைய வட்டியை நினைத்து உடன் வேலை பார்ப்பவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. பாஸ்புக்கை விலைவாசிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு அந்த ஏக்கம் போய்விட்டது. 2010இல் நுகர்வோர் விலையேற்றம் இரட்டை இலக்கத்தில் இருந்ததால், 8 விழுக்காடு வட்டி வரவு வைக்கப்பட்டும் அந்த ஆண்டு என் பணத்தின் வாங்கும் திறன் குறைந்தே போனது. மாறாக, 2025 ஜூலையில் விலையேற்றம் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியபோது, எல்லோரும் அலுத்துக்கொள்ளும் இதே 7.1 விழுக்காடு நல்ல ஆதாயம் தந்தது. நடுவே 2022 ஏப்ரலில் விலையேற்றம் 7.79ஐத் தொட்டு வட்டியை முந்தியதும் உண்டு. (மாட்டுத்தாவணியில் மல்லிகைப்பூ விலை முகூர்த்த நாளில் ஏறி மறுவாரம் இறங்கிவிடும்; இட்லி விலை ஒருமுறை ஏறினால் ஏறியதுதான். நான் விலைவாசி என்று சொல்வது இந்த இரண்டாவது வகையை.)

வட்டிக்கு வருமான வரி இல்லை என்பது இதன் பெரும் பலம். 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 7 விழுக்காடு வட்டி தரும் வங்கி வைப்பில் கையில் நிற்பது 5.6 மட்டுமே, பிபிஎஃப்பில் 7.1 முழுமையாக நிற்கும்.

ஒரு சிறு விதியைத் தெரிந்துகொள்ளாமல் சில ஆண்டுகள் நட்டப்பட்டேன். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையே கணக்கிலுள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. சம்பளம் 7ஆம் தேதி வரும் எனக்கு, கட்டிய 5,000 ரூபாய்க்கு அந்த மாத வட்டியான ஏறத்தாழ 30 ரூபாய் ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் போனது. ஓராண்டில் கட்டக்கூடிய உச்சவரம்பான ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 5க்குள் மொத்தமாகக் கட்டுபவருக்கு அந்த ஆண்டே 10,650 ரூபாய் வட்டி; மார்ச் இறுதியில் கட்டுபவருக்கு அந்தத் தொகையின் மேல் அந்த ஆண்டில் ஒன்றும் இல்லை. பிறகு முந்தைய மாதச் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்து 3ஆம் தேதியே செலானோடு போய் நிற்கத் தொடங்கினேன். அப்படியும் ஒருமுறை சர்வர் வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் திருப்பி அனுப்பியதில் தேதி தவறியது. கவுன்டரில் இருந்தவர் பண்பாகப் பேசினார் என்றாலும் வட்டி போனது போனதுதான்.

எனக்கு உண்மையான மனக்குறை உச்சவரம்பு பற்றியது. அது 2014இல் ஒன்றரை லட்சம் ஆக்கப்பட்டது. அதன் பிறகு விலைவாசி எங்கோ போயும் வரம்பு நகரவில்லை. விலைவாசிக்குக் காப்பாக இருக்க வேண்டிய திட்டத்தின் வரம்பையே விலைவாசி அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஓய்வுக் காலத்துக்கு இதை மட்டும் நம்புவது போதாது என்பது என் கருத்து. நிஃப்டி என்ற பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், நிர்வாகச் செலவுக்குக் குறைவாகவே பிடிக்கும் இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்றிலும் மாதந்தோறும் போட்டு வருகிறேன். 2020 ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச்சில் 7,600 அருகே வந்தபோது அந்த ஃபண்டை விற்காமல் இருக்க முடிந்ததற்கு, பாஸ்புக்கில் ஆடாமல் அசையாமல் கிடந்த இந்தத் தொகையே காரணம்.

முதிர்ந்த பணத்தை எடுக்காமல் இன்னும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறேன். தொடர்ந்து பணம் கட்ட விரும்புபவர்கள் முதிர்ந்த ஓராண்டுக்குள் அதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் கட்டும் பணத்துக்கு வட்டி கிடையாது.