பழைய கதவு செய்வது எப்படி? நான்கு வருட ‘நாட் ஒன்லி’ அனுபவம்

எங்களுக்கு ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் (டைல்) செய்யும் பட்டறை. பழைய தேக்குக் கதவுகளும் வாங்கி விற்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை நான்கு வருடங்களுக்கு முன் என் தலையில் விழுந்தது. குட்டை குட்டையாக வாக்கியங்கள் எழுதுவேன். காரைக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, “இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துத் தைத்துவிடு, தம்பி” என்று, ‘நாட் ஒன்லி... பட் ஆல்சோ’ போல இரண்டு பாதியாக வரும் ஆங்கில ஜோடிச் சொற்களைப் பழக்கினார்.

முதலில் கைகொடுத்தது ‘நைதர்... நார்’. எங்கள் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, மெருகும் ஏற்றுவதில்லை. கண்ணாடி மேல் வார்ப்பதால் பளபளப்பு தானாக வந்துவிடுகிறது. ‘நைதர் ஃபயர்டு நார் பாலிஷ்டு’ என்று நான்கே சொற்களில் முடிந்தது. நைதருக்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது. அருகில் இன்னொரு ‘நாட்’ போட்டால் கெட்டது.

என்னைச் சந்தி சிரிக்க வைத்தது ‘நாட் ஒன்லி... பட் ஆல்சோ’. ‘வி மேக் நாட் ஒன்லி டைல்ஸ் பட் ஆல்சோ ஓல்ட் டோர்ஸ்’ என்று பெருமையாக எழுதினேன். “பழைய கதவை எப்படிப் புதிதாகச் செய்கிறீர்கள்?” என்று பதில் வந்தது. தமிழில் ‘கல்லும் செய்கிறோம், கதவும் விற்கிறோம்’ என்றால் ‘உம்’ பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஜோடி நிற்கும் இடம்தான் கணக்கு. ‘மேக்’குக்குப் பின்னால் வைத்ததால் செய்வது இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. ‘வி நாட் ஒன்லி மேக் டைல்ஸ் பட் ஆல்சோ செல் ஓல்ட் டோர்ஸ்’ என்று வினைக்கு வினை நிறுத்தியிருக்க வேண்டும். முதல் பாதிக்குப் பின் என்ன வகைச் சொல்லோ, இரண்டாம் பாதிக்குப் பின்னும் அதே வகை. இதைப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

‘ஐதர்... ஆர்’ (இதுவோ அதுவோ) வந்தால் வினையின் ஒருமை பன்மை பக்கத்து எழுவாயோடு போகும், அது சுலபம். ‘நோ சூனர்’ மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பின்னால் ‘வென்’ (when) வரக் கூடாது, ‘தேன்’ (than) தான், நடுவில் ‘டிட்’டை எழுவாய்க்கு முன்னால் தள்ள வேண்டும். ‘வந்ததும்’ என்று ஒரே சொல்லில் முடிகிற காரியத்துக்கு இத்தனை சடங்கா? தேர்வுத் தாளுக்கு வேண்டுமானால் உதவும். வியாபாரக் கடிதத்தில் எனக்குத் தேவைப்படவில்லை.

இன்னொரு குறை, பழகினால் கை நிற்காது. ஒரு கடிதத்தில் ஆறு ஜோடி வைத்துவிடுவேன். மகள் நான்கை வெட்டுவாள்.

கேள்வி கேட்டவர் பின்னர் 600 கல் வாங்கினார். கதவு மட்டும் வேண்டாம் என்றார்.