உறுதிப் பதிவா, உரித்துப் பதிவா: யாழ்ப்பாணக் காணிக்கு எது தோது?

ஒரு காணி இன்னாருடையது என்று அரசாங்கப் புத்தகத்தில் ஏறுவதற்கு இலங்கையில் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் பழக்கமானது உறுதி. நொத்தாரிசு எழுதி, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டு, காணிப் பதிவகத்தில் பதிவாகும் ஆவணம் அது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி அந்தப் பதிவு நடக்கிறது. மற்றது 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம். 2007இலிருந்து 'பிம் சவிய' என்ற பெயரில் நடப்பது இதுதான். காணியை அளந்து, உரிமைகோரியவர்களை விசாரித்து, உரிமையாளர் யார் என்று அரசாங்கமே தீர்மானித்துச் சான்றிதழ் கொடுக்கிறது.

"இனி உறுதி செல்லாதாம், சான்றிதழ்தானாம்" என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குத்தான் புதிய சட்டம் பொருந்தும். மற்ற இடங்களில் உறுதிதான் இன்றும் ஆட்சி செய்கிறது. ஆனால் எது நமக்கு நல்லது என்பதை அளவுச் சங்கிலி வாசலுக்கு வருமுன்னர் யோசித்து வைப்பது நல்லது.

காணியை எழுதி வைக்கும் பழக்கம் நமக்கு வரியோடு வந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் தோம்பு என்ற வரிப் பதிவேட்டை எழுதினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அதைக் காணித் தோம்பு, தலைத் தோம்பு என்று விரித்தார்கள். எந்தக் குடும்பத்திடம் எவ்வளவு நிலம், அதற்கு என்ன இறுக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி. சொத்து யாருக்குப் போகும் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பதில் சொன்னது. அதை 1707இல் ஒல்லாந்தரின் திசாவையாக, அதாவது பிரதேச நிருவாகியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார், 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அதே ஆங்கிலேயர் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தால், நொத்தாரிசு இல்லாமல் காணியைக் கைமாற்ற முடியாது என்று ஆக்கினார்கள். 1863இல் பதிவுச் சட்டம் வந்தது. இன்றைக்கும் ஊரில் பதிவகத்துப் பக்கத்தின் பிரதியை எடுப்பதைத் 'தோம்பு எடுக்கிறது' என்றுதான் சொல்கிறோம்.

உறுதிப் பதிவு எப்படி வேலை செய்கிறது? நொத்தாரிசு உறுதியை மூன்றாக எழுதுகிறார். மூலம் வாங்கியவரிடம் போகும், ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும், இணைப்பிரதி பதிவகத்துக்குப் போகும். பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம் உண்டு. விற்பனை, நன்கொடை, சீதனம், ஈடு, ஒற்றி, வழக்கு எல்லாம் அந்தப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறும். பக்கம் நிரம்பினால் அடுத்த தொகுதிக்கு ஒரு குறிப்பு. காணி பிரிந்தால் புதுப் பக்கம்.

இதில் ஒரு கூர்மையான விதி உண்டு. ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், பிந்தி எழுதிய உறுதியை முந்திப் பதிந்தவருக்கு முன்னுரிமை கிடைக்கலாம். அவர் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும், மோசடிக்கு உடந்தையாக இருந்திருக்கக் கூடாது. அதுவும் சரியான பக்கத்தில் பதிந்தால்தான். வேறு பக்கத்தில் ஏறிவிட்டால், பதிந்தும் பதியாத மாதிரித்தான். அதனால்தான் நல்ல சட்டத்தரணிகள் உறுதி எழுதுமுன் முப்பது வருடத் தோம்பையாவது பின்னோக்கிப் பார்ப்பார்கள். சோம்பல்பட்டவர்கள் விற்பவர் கொண்டுவரும் பழைய பிரதியோடு திருப்திப்படுவார்கள்.

இனிப் பலவீனம். பதிவாளர் உண்மையை விசாரிப்பவர் அல்லர். வரும் ஆவணம் முறைப்படி இருந்தால் பதிந்துவிடுவார். 'இந்தக் காணி பரம்பரையாக என் ஆட்சியில் இருக்கிறது' என்று ஒருவர் தானே எழுதிக்கொள்ளும் பிரகடன உறுதியும் பக்கத்தில் ஏறிவிடும். பத்து வருடங்கள் கழித்துப் பார்ப்பவருக்கு அது அச்சுப் பிசகாத உரிமையாகத் தெரியும். எல்லைகளும் அப்படித்தான். 'கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு ஒழுங்கை, கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்' என்ற பழைய உறுதியில் அந்த இன்னார் இறந்து அறுபது வருடமாகியிருக்கும். பரப்பு என்ற நம்மூர் நில அலகின் கணக்கு வேறு குழப்பும். வரகுப் பரப்பு 16 சேர்ந்தால் ஒரு ஏக்கர், நெற்பரப்பு 24 சேர்ந்தால் ஒரு ஏக்கர். உறுதியில் எது என்று தெளிவாக எழுதாவிட்டால் விலையிலேயே இடிக்கும்.

ஆனால் என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறொன்று. பதிவகத்துக்கு ஆவணம்தான் தெரியும், மரணம் தெரியாது. அப்புவின் பெயரில் 4 பரப்பு வரகுக் காணி, பரப்பின் உட்பிரிவான குளியில் சொன்னால் 72 குளி, என்று வைத்துக்கொள்வோம். அப்புவும் ஆச்சியும் மரண சாதனம் எழுதாமல் காலமாகிறார்கள். ஆறு பிள்ளைகளுக்கும் சட்டப்படி பங்கு போய்விடுகிறது, பக்கத்தில் ஒரு வரிகூட ஏறாமல். அந்த ஆறு பேரில் ஒருவர் நான்கு பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தால், பேரப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் 24இல் ஒரு பங்கு, 3 குளி. ஒரு கொட்டில் போடத்தான் காணும். அதற்கு உரிமையாளர் ரொறன்ரோவில் இருப்பார், பக்கத்தில் இன்னும் அப்புவின் பெயர் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அப்பு காசு கொடுத்து வாங்கிய தேடியதேட்டம் என்றால் அது வேறு கதை. ஆச்சி இருக்க அப்பு போனால், அவருக்குரிய தேட்டத்தில் பாதி ஆச்சிக்கு, மற்றப் பாதி வாரிசுகளுக்கு. அதுவும் பக்கத்தில் தெரியாது.

உரித்துப் பதிவு இந்த இடத்தில்தான் கவர்ச்சியாக நிற்கிறது. 1858இல் தென் அவுஸ்திரேலியாவில் ரொபேட் டொரென்ஸ் தொடங்கிய முறையின் வழிவந்தது இது. நில அளவையாளர் துண்டு துண்டாக அளந்து காணிப்படம் வரைகிறார். துண்டுக்கு இலக்கம் உண்டு. உரிமை கோருங்கள் என்று அறிவித்தல் வருகிறது, விசாரணை நடக்கிறது. ஐயமற்ற உரிமைக்கு முதலாந்தர உரித்து, சான்று போதாத இடத்தில் இரண்டாந்தர உரித்து. இரண்டாந்தரம் எதிர்ப்பில்லாமல் பத்து வருடம் கடந்தால் முதலாந்தரமாகலாம். முடிவு பிடிக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அதன் பிறகு வாங்குபவர் முப்பது வருடம் பின்னோக்கித் தோண்ட வேண்டியதில்லை, பதிவேட்டில் இருக்கிற பெயரைப் பார்த்தால் போதும். எல்லைச் சண்டைக்கும் வரைபடம் பதில் சொல்லும். வேலிக் கதியாலை ஒவ்வொரு மாரிக்கும் ஓரடி நகர்த்தும் அயலவர் உள்ளவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

அப்படியென்றால் உரித்துப் பதிவுதான் நல்லது என்று முடிக்கலாமே? ஒற்றை உரிமையாளர், பிரச்சினையில்லாத எல்லை, ஊரிலேயே இருக்கும் குடும்பம் என்றால் நானும் அதையே சொல்வேன். நம்முடைய காணிகளில் எத்தனை அப்படி?

விசாரணை நடக்கும் நாளில் உரிமைகோர ஆள் வேண்டும். இருபத்திநான்கு பங்காளிகளில் இருபது பேர் வெளிநாட்டில் இருக்க, வளவில் இருக்கும் ஒருவர் மட்டும் வாய் திறந்தால் என்ன பதிவாகும்? பழைய முறையில் அவர் பொய்யாக ஒரு பிரகடன உறுதி எழுதினாலும் மற்றவர்கள் பிறகு வழக்காடலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி பத்து வருட ஆட்சியுரிமை கேட்டாலும், கூட்டு உரிமையாளருக்கு எதிராக அது இலேசில் நிற்காது. யுத்தத்தால் தங்கள் காணியைக் கவனிக்க முடியாமற்போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் ஒரு சிறப்புச் சட்டமும் வந்தது. உரித்துப் பதிவேட்டில் தப்பான பெயர் ஏறிவிட்டால் அதைக் கிளப்புவது அதைவிடக் கடினம். உறுதியாகச் சொன்னால் அதுதானே அந்த முறையின் பலமே.

கெடு வைத்து உரிமைகோரச் சொல்லும் அறிவித்தல் என்றாலே வடக்கில் வயிறு கலங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 மார்ச் 28இல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,900 ஏக்கருக்கு வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமைகோராவிட்டால் அரச காணியாகும் என்பது அதன் சாரம். எதிர்ப்பும் வழக்கும் எழுந்து அது மீளப்பெறப்பட்டது. அது வேறு சட்டம், பிம் சவியவோடு அதைப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனாலும் கையில் கடதாசி இல்லாதவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

கடதாசி என்றதும் இன்னொன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, நகையோடு சேர்த்து உறுதிகளையும் பொதியில் கட்டியவர்கள் ஏராளம். தொலைத்தவர்களுக்கு நொத்தாரிசின் கோவையோ பதிவகத்தின் இணைப்பிரதியோ கைகொடுத்தது. ஒரே உரிமைக்கு மூன்று இடத்தில் எழுத்து இருப்பது பழைய முறையின் பெரிய பலம். உரித்துப் பதிவில் பதிவேடுதான் உயிர், கையிலுள்ள சான்றிதழ் அதன் நிழல்.

ஆகவே என் தீர்ப்பு இது: முதலில் பங்கு பிரியுங்கள், பிறகு உரித்துப் பதிவு வந்தால் வரவேற்கலாம். பிரியாத முதுசத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, எந்தப் பதிவேட்டில் ஏற்றினாலும் சிக்கல்தான் ஏறும். எல்லோரும் ஒத்துக்கொண்டால் நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் கீறி, நொத்தாரிசு முன் பங்குபிரிப்பு உறுதி எழுதிப் பதிவது மலிவான வழி. ஒத்துவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பங்கீட்டு வழக்கு. அது வருடக்கணக்கில் இழுபடும், ஆனால் இறுதித் தீர்ப்பு கைக்கு வந்தால் அதைவிடப் பலமான உரிமை கிடையாது. பங்கை வெளியாளுக்கு விற்க நினைப்பவர்கள் 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்காளிகளுக்கு முன்னறிவித்தல் கொடுக்காமல் விற்றால் வாங்கியவர் நீதிமன்றப் படி ஏற நேரிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதற்கெல்லாம், தங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவம் கொடுப்பார்கள். கொடுக்கும்போது எந்தக் காணி, எந்த வேலை என்று குறுக்கி எழுதுங்கள். 'எனது சகல ஆதனங்களும்' என்ற வரி வேண்டாம். வேலை முடிந்ததும் எழுத்தில் இரத்துச் செய்து அந்த இரத்தையும் பதியுங்கள், இல்லாவிட்டால் 2004இல் மாமாவுக்குக் கொடுத்த தத்துவம் இன்னமும் யாரோ ஒருவரின் பையில் கிடக்கலாம்.