நூலுக்கு ஒரே நம்பர், எழுத்துக்கு எத்தனை?

40-ஆம் நம்பர் நூல் என்று கேட்டால் ஈரோட்டுப் பக்கம் எந்த மில்லும் ஒரே பருமனில்தான் தரும். 840 கஜச் சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. மில்லை மாற்றினால் தறியை மாற்ற வேண்டியதும் இல்லை. கணினி உலகில் திறந்த தரநிலை என்பதும் இதுதான். நூலில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம் எழுத்தில் எப்படி ஏமாந்தோம் என்று, சென்னிமலையில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் எனக்கு அடிக்கடி தோன்றும்.

சென்ற ஆண்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் செயலாளர் ஒரு குறுந்தகட்டோடு வந்தார். 2004-இல் தட்டச்சு செய்த தீர்மானங்கள். திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி.

“கெட்டுப்போய்விட்டதா, தம்பி?”

“கெடவில்லைங்க. பாமினியில் அடித்திருக்கிறார்கள், அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை.”

பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைப்பவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். உறுப்பினர் பெயரை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் தாறுமாறாக அடுக்கும். யூனிகோடில் ‘த’வுக்கு உலகம் முழுவதும் ஒரே எண், எழுத்துருவை மாற்றினாலும் எழுத்து மாறாது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழக அரசு யூனிகோடையும், அது செல்லாத இடங்களுக்கு டேஸ் 16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்றது. டேஸில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு; ‘கொ’ ஒன்றே ஒன்று. யூனிகோடில் அது ‘க’வும் ஒகரக் குறியுமாக இரண்டு. இலக்கணம் பார்ப்பவர்களுக்கு டேஸ்தான் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது பொது எழுத்து எதற்கும் ஒதுக்காமல் அவரவர் பயனுக்கு விட்ட எண்களில், குடியிருக்கிறது. அதற்கான எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். அன்றாட வேலைக்கு யூனிகோடு என்பதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

மாற்றுவதற்குக் கருவிகள் இருக்கின்றன, காசு கேட்காதவையே கிடைக்கும். ஒரு தொல்லை மட்டும் உண்டு: இடையில் ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழ் எழுத்தாக்கிவிடும். சங்கத்தின் மின்னஞ்சல் முகவரி ஏதோ மந்திரம் போல வந்து நின்றது. 60 பக்கத்தையும் வரி வரியாகப் பார்த்துத் திருத்த இரண்டு நாள் ஆனது.

அடுத்தது கோப்பின் வடிவம். வேர்டின் பழைய ‘டாக்’ வடிவம் பூட்டிய இரும்புப் பெட்டி மாதிரி. புதிய ‘டாக்எக்ஸ்’ அப்படியில்லை, 2008-இல் ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பின் தரமே ஆனது. ஆனால் அதற்காக நாடுகளிடையே நடந்த வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்தது. வேர்டு வழக்கமாகச் சேமிப்பதும் பழையவற்றையெல்லாம் சுமக்கிற இடைக்கால வகையில்தான், கறாரான வகையில் அல்ல. ஓ.டி.எஃப். என்ற திறந்த கோப்பு வடிவம் 2006-லேயே ஐ.எஸ்.ஓ. தரம் ஆகிவிட்டது. அந்தக் கோப்பை அவிழ்த்து நோட்பேடில் பார்த்தால்கூட உள்ளிருக்கும் தமிழ் வாசிக்கும்படி இருக்கும். வேர்டிலேயே ‘ஓ.டி.டி.’யாக, அதாவது ஓ.டி.எஃப். ஆவணமாக, சேமிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மென்பொருளை மாற்றாமலே வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மென்பொருள் கடைசியாகத்தான் வருகிறது. வேர்டு வேலையைச் செய்யும் கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபீஸைச் சொன்னால் “ஓசியில் கிடைப்பதுதானே” என்பார்கள். சொல்கிறவர் கணினியில் ஓடுவது பெரும்பாலும் திருட்டுப் பிரதி, அதுவும் ஓசிதான்! ஆக, போட்டி விலையில் இல்லை. கட்டற்ற மென்பொருளை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், நகலெடுத்துப் பக்கத்து ஊருக்குக் கொடுக்கலாம், உள்ளே பிரித்துத் திருத்தலாம். குறையும் உண்டு. வேர்டில் கட்டம் கட்டிச் செய்த படிவத்தைத் திறந்தால் கட்டங்கள் நகர்ந்துவிடும். மேக்ரோ என்ற தானியங்கிக் கட்டளைகள் வைத்த விரிதாள்கள் சில நேரம் முரண்டுபிடிக்கும்.

இணையத்தில் வைத்து எழுதும் சேவைகள் வசதிதான். ஆனால் அந்தச் சேவையில் நுழையும் கணக்கு, செயலாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணில் இருக்கும். அவர் பதவி போனால் சங்கத்தின் ஏடும் கூடவே போகும்.

அரசு அலுவலகத்துக்கு இந்தத் தேர்வு கொஞ்சம் எளிது. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை மத்திய அரசு 2010 நவம்பரிலும், திறமூல (மூலநிரலைத் திறந்து வைத்த) மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை 2015-லும் வெளியிட்டுவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் பழைய எழுத்துருவில் அடித்த படிவத்தை நீட்டி, “இதே மாதிரி வேண்டும்” என்று மனுதாரரை என் கடைக்கு அனுப்பும் அலுவலகம் உண்டு.

செயலாளருக்கு நான் சொன்ன வரிசை இதுதான்: முதலில் யூனிகோடு, அடுத்து ஓ.டி.எஃப்., மென்பொருளைப் பதற்றமில்லாமல் பிறகு மாற்றலாம். எழுதுவதற்கும் கணக்குக்கும் நான் முழுக்க லிப்ரே ஆபீஸுக்கு வந்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் ஒரு மூலையில், பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் உள்ள கணினி இன்னும் ஓடுகிறது. 2001-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பே வரவில்லை, யூனிகோடுத் தமிழும் அதற்கு வராது. அதே வேலைக்கான கட்டற்ற மென்பொருள் ஸ்கிரைபஸில் இப்போது தமிழ் ஒழுங்காகக் கோக்கிறது. இரண்டு பத்திரிகை அதில் செய்து பார்த்தேன். ஆனால் இருபது வருடமாகச் சேர்த்த மாதிரிகளெல்லாம் அந்தப் பழைய பெட்டியில் இருக்கின்றன. தை பிறந்தால் வரிசையில் நிற்பவர்கள் கேட்பதும் அந்த மாதிரிகளைத்தான்.