மாரடைப்புக்குப் பிறகு ‘முழு இதயப் பரிசோதனை’ பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் “பணத்தைத் திருப்பித் தர இயலாது” என்ற கடைசி பதில் வந்தது. என் இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. அதைவிட, மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்த அப்பாவை மூன்று ராத்திரி சாவு பயத்தில் கிடக்க வைத்தார்களே, அதுதான் வயிறு எரிகிறது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு வந்தது இதயத்தின் முன்பக்கச் சுவரில் அட்டாக். உடனே ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். மூன்றாம் நாள் எக்கோவில் (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையில் இருக்கும் ரத்தத்தில் வெளியே தள்ளப்படும் பங்கு, 40 சதவீதம். “ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் ஆறு வாரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் பயம் தாங்காமல், பரிசோதனைகளுக்கு முன்பதிவு செய்துதரும் ஒரு தளத்தில் என் நம்பரைக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் போன். ‘மேடம்’ என்று தொடங்கிய பையன் இரண்டாவது நிமிடத்தில் ‘அக்கா’ என்றான். “எங்கப்பாவுக்கும் இதே முன்பக்க அட்டாக்தான் அக்கா. ஆறு வாரம்னு சொன்னாங்க, நாங்களும் சும்மா இருந்துட்டோம்...” என்று சொல்லி நிறுத்தினான். குரல் கம்மியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த இடத்தில்தான் நம்பினேன். வேறு எதையும் விசாரிக்கவில்லை, அவனுடைய அந்த ‘அக்கா’வை நம்பித்தான் போனேன்.

“வெறும் வயித்துல வரணும், காலை மாத்திரையும் போட வேணாம்” என்றான். அட்டாக் வந்து பதினோராம் நாள் அப்பாவை அப்படியே அவன் சொன்ன பரிசோதனை மையத்துக்குக் கூட்டிப் போனேன். இரண்டு மாடி ஏற வேண்டியிருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தவரை உடனே படுக்க வைத்து எக்கோ எடுத்தார்கள். பிபி பார்க்கவில்லை. ஈசிஜி வயர் ஒட்டவில்லை. ஆறேழு நிமிடத்தில் முடிந்தது.

ரிப்போர்ட்டில் பம்பிங் 28 சதவீதம். ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம்) அதிகம் என்று சிவப்பு எழுத்து. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே, “35க்குக் கீழே போனால் எந்த நேரமும் இதயம் நிற்கலாம், உள்ளே பாதிப்பு இன்னும் தொடர்கிறது” என்றார். ஆறு மாத ‘மீட்புத் திட்டம்’ ஒன்றை நீட்டினார். இன்றே சேர்ந்தால் தள்ளுபடி. பரிசோதனையும் திட்டமும் சேர்த்து என் இரண்டு மாதச் சம்பளம். கை நடுங்கக் கட்டினேன். அப்பா அன்று ராத்திரி என்னைக் கூப்பிட்டு, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

மூன்று நாள் கழித்துத்தான் ஸ்டென்ட் வைத்த டாக்டரைப் பார்க்க முடிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “காலை மாத்திரை போடாமல் வரச் சொன்னது யார்?” புதிதாக ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தன்னிஷ்டத்துக்கு விடக் கூடாதாம், ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாமாம். மார்பின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவுக்கு வெறும் வயிறும் தேவையில்லை.

அப்புறம் அவர் பொறுமையாக விளக்கினார். அடைப்பு நீங்கி ரத்தம் ஓடத் தொடங்கினாலும் இதயத் தசையில் ஒரு பகுதி சாகாமல் மரத்துப் போய்க் கிடக்கும். அது விழிக்க நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். திடீர் மரணத்தைத் தடுக்கும் கருவி பொருத்த வேண்டுமா என்று முடிவு செய்யக்கூட, அட்டாக் வந்து குறைந்தது 40 நாள் கழித்து எடுத்த எக்கோவைத்தான் பார்ப்பார்கள். அந்த ஆறு வாரத்துக்கு அர்த்தம் அதுதான். பிபி ஏறியிருந்தால் இதயம் அதிக எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டும், பம்பிங் குறைவாகத் தெரியலாம். மாத்திரை போடாமல், மாடி ஏறி, பயத்தோடு படுத்தவருக்கு பிபி எவ்வளவு இருந்தது என்றே அந்த ரிப்போர்ட்டில் இல்லை.

அளந்த முறைதான் எல்லாவற்றையும் விட மோசம். இதயத்தின் குறுக்கே ஒரே கோட்டில் அளந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அடிபட்ட சுவர் வழியாகவே அந்தக் கோடு போகிறது. அசையாத அந்த ஒரு துண்டை வைத்து முழு இதயத்துக்கும் மார்க் போட்டாயிற்று. இப்படி ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தால், இரண்டு கோணங்களில் இதய அறையின் ஓரத்தைச் சுற்றி வரைந்து அளவெடுக்க வேண்டும். ட்ரோபோனினும் அட்டாக்குக்குப் பிறகு பத்து, பதினான்கு நாள் வரைகூட அதிகமாகவே இருக்கலாம். புதிதாக ஏறுகிறதா என்று பார்க்காமல், ஒரே ஒரு அளவை வைத்துப் ‘பாதிப்பு தொடர்கிறது’ என்று சொல்ல முடியாது.

அப்பாவைக் கொஞ்ச நேரம் சாய்ந்திருக்க வைத்து, பிபி குறித்துக்கொண்டு, டாக்டரே எக்கோ எடுத்தார். 42 சதவீதம். “40க்கும் 42க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள், ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தாலே இவ்வளவு மாறும்” என்றார். அதைக் கேட்டபின்தான் அப்பா சிரித்தார்.

சரி, பணத்தைக் கேட்போம் என்று போன் செய்தால், ‘அக்கா’ மறுபடி ‘மேடம்’ ஆகிவிட்டது. 24 மணி நேரத்தில் அழைப்போம் என்றார்கள், அழைக்கவில்லை. தளத்தைக் கேட்டால் பரிசோதனை மையத்தைக் கேள் என்கிறது, மையம் தளத்தைக் கைகாட்டுகிறது. எக்கோ படங்களையாவது கொடுங்கள் என்றேன். சேமிப்பதில்லையாம். திட்டத்தில் ஒரு நாள்கூடக் கலந்துகொள்ளவில்லையே என்றதற்கு, “ஆலோசனை சொன்னதுமே சேவை தொடங்கிவிட்டது மேடம்” என்று பதில். இரண்டு மாதச் சம்பளம், பத்து நிமிட மிரட்டலுக்கு!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஒரு நிலையில் இல்லை. சட்டென்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் குறித்த தேதிக்கு முன்னால் நீங்களாகப் போய் எக்கோ எடுக்காதீர்கள். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் தேதி பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போனில் பேசுகிறவர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். எக்கோ எடுத்தால் படங்களையும் கேட்டு வாங்குங்கள், எந்த முறை, அப்போது பிபி எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். நோயாளியை உட்கார வைத்துக்கொண்டு ‘இன்றே கட்டுங்கள்’ என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.