மலிவு விலை சைக்கிள் டூல் கிட்: வாங்கும் முன் படித்துவிடுங்கள்

எல்லாமே ஒரே பெட்டியில் என்று ஆன்லைனில் விற்ற ஒரு சைக்கிள் டூல் கிட்டை வாங்கி நன்றாக ஏமாந்தேன். பெட்டி என்னவோ பார்க்க அழகுதான். ஆலன் கீ (ஆறு மூலை முனையுள்ள சாவி), ஸ்பானர், செயின் கட்டர், இலவச இணைப்பாக ஒரு முன்விளக்கு.

முதலில் கைவிட்டது 5 மி.மீ. ஆலன் கீ. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டை இறுக்கப் போனேன். அங்கே பெரும்பாலும் 5, 6 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும், மூச்சுப் பிடித்துத் திருக வேண்டிய வேலையே இல்லை. அதற்கே கீ வழுக்கியது. எடுத்துப் பார்த்தால் முனையின் ஆறு மூலையும் உருண்டுவிட்டன. போல்ட்டின் குழிக்குள் பளபளவென்று இரும்புச் சீவல். கீ போனால் போகிறது, போல்ட் தலையையும் மழுங்கடித்துவிட்டதுதான் வயிற்றெரிச்சல். கடைசியில் மெக்கானிக் டிரில் போட்டுத்தான் அதை எடுத்தார். கூலி, கிட்டின் விலையைத் தாண்டிவிட்டது.

செயின் கட்டர் கதை இன்னும் மோசம். செயின் கண்ணிகளைக் கோக்கும் சிறு பின்னைத் தள்ளும் ஊசி பாதியிலேயே வளைந்துகொண்டது. அந்தப் பின் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

கூடவே வந்த தாளில் இரண்டு பெடலையும் இடப்பக்கம் திருப்பிக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தாளை நம்பித் திருகுபவர் அதை மேலும் இறுக்கிக்கொண்டே இருப்பார்.

விளக்கின் 18650 அளவு பேட்டரியில் கொள்ளளவு 9900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சடித்திருந்தது. அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே சுமார் 3500-ஐ ஒட்டித்தான் தருகின்றன. இந்த எண்ணைப் பார்த்தாலே அந்த விற்பனைப் பக்கத்தை மூடிவிடலாம்.

சரி, திருப்பிக் கொடுப்போம் என்று எழுதினேன். போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். வீடியோ கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். அப்புறம் வந்த பதில்: "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம். அதிக பலம் கொடுத்திருக்கிறீர்கள்." பயன்படுத்தாமல் அது மட்டம் என்று எப்படித் தெரியுமாம்?

விலை குறைந்த எல்லாமே குப்பை என்று சொல்லவில்லை. டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவர், பஞ்சர் பேட்ச், பாட்டில் ஸ்டாண்டு எல்லாம் மலிவாகவே வாங்குங்கள். உடைந்தால் இன்னொன்று, அவ்வளவுதான். செயின் தேய்மானம் பார்க்கத் தனிக் கருவிகூட வேண்டாம், ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 பின் இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 1/16 அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால் போல்ட்டைத் தொடும் எதிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ மூன்றை மட்டும் நல்ல தரத்தில் தனியாக வாங்கினாலே சைக்கிளில் பாதி வேலை முடியும். ஹெல்மெட் என்றால் உள்ளே இஎன் 1078 போன்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏற்கெனவே இப்படியொரு கிட் வாங்கியிருந்தால், கீயைப் போல்ட்டில் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகம் இருந்தால் திருகவே வேண்டாம், திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். விற்றவர் பெயரைக் கேட்காதீர்கள். அதே பெட்டி, அதே படம், வேறு வேறு பெயர்களில் வரிசையாக விற்பனைக்கு இருக்கிறது.