"எல்லா நோயையும் தாங்கும்" மிளகு நாற்று: கொல்லிமலைப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன வருஷம் மழைக்கு முன்னால், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றுவதற்காக ஒரு தனியார் நர்சரியில் மிளகு நாற்று வாங்கினேன். பன்னியூர்-1, தேவம் என்று இரண்டு ரகம். "வைரஸ்கூட அண்டாதுங்ணா, கியாரண்டி" என்றார் உரிமையாளர். பில்லில் "மிளகுச் செடி" என்று மட்டும் இருந்தது. ரகத்தின் பெயரை எழுதச் சொன்னதற்கு, "நான் இருக்கேன்லங்ணா" என்று மழுப்பிவிட்டார்.

இந்தக் கோடையில் துளிர்த்த இலைகள் எல்லாம் சிறுத்து, நெளிந்து, மஞ்சள் திட்டுகளோடு வந்தன. கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, கொடி மரத்தில் ஏறவே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அதே மண், அதே மழையில் பழைய கரிமுண்டா ரக மிளகு தழைத்து நிற்கிறது. நர்சரிக்குப் போன் செய்தேன். "சத்துக் குறைவுங்ணா, நுண்ணூட்டம் அடிங்க" என்று இன்னொரு பாட்டிலை விற்கப் பார்த்தார்! தோட்டக்கலை அலுவலர் வந்து பார்த்துவிட்டு, இது வைரஸ் அறிகுறி, மருந்து அடித்துக் குணப்படுத்த முடியாது என்றார்.

ரகங்களின் மேல் குறையில்லை. பன்னியூர்-1 1971இல் கேரளத்தில் வெளியான கலப்பின மிளகு. வெயில் படும் இடத்தில் நன்றாகக் காய்க்கும். ஆனால் வைரஸைத் தாங்கும் என்று சொல்லி வெளியிட்ட ரகம் அல்ல. தேவம் தாங்குவது பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமியால் வரும் வாடல் நோயை. பௌர்ணமி என்ற ரகம், வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்ணிய நூற்புழுவைத் தாங்கும். இப்படி ஒரு நோய்க்கு உள்ள தாங்குதிறனை எல்லா நோய்க்கும் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. இதை எங்கள் பக்கம் கூச்சமே இல்லாமல் செய்கிறார்கள்.

மிளகை விதை போட்டு வளர்ப்பதில்லை, தண்டை வெட்டித்தான் நாற்று எடுக்கிறோம். தாய்க்கொடியில் வைரஸ் இருந்தால் அதிலிருந்து வெட்டிய நாற்றிலும் இருக்கும். அப்புறம் மாவுப்பூச்சியும் அசுவினியும் தோட்டம் முழுக்கப் பரப்பும். நாற்றுப் பருவத்தில் அறிகுறி தெரியாமலும் போகலாம். அதனால் நர்சரியில் பச்சையாக நிற்கிறது என்று நம்பாதீர்கள். தாய்க்கொடியைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு வைரஸ் பரிசோதனை செய்த சான்று உண்டா என்று கேளுங்கள். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான சோதனை முறைகளை உருவாக்கியிருக்கிறது. ரகத்தின் பெயரோடு பில் தராதவரிடம் ஒரு நாற்றுகூட வாங்காதீர்கள்.

பணம் திரும்பி வரவில்லை. பாதித்த கொடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டேன். அதே நர்சரி இப்போதும் அதே கியாரண்டியோடு நாற்று விற்கிறது. ஏற்கெனவே அங்கே வாங்கி நட்டவர்கள், இலை சிறுத்த கொடியிலிருந்து தயவுசெய்து தண்டு வெட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள்.