டைனோசர் பூங்காவின் வரவு செலவு: ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன் – ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2018 ஜூன் மாதத்தில் வெளியிட்ட, டைனோசர் பூங்காவைக் கட்டி நடத்தும் வீடியோ விளையாட்டான ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷனைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் அதிலுள்ள விலங்குகளின் அழகைத்தான் பேசுகிறார்கள். மழையில் நனைந்த தோலின் மினுமினுப்பும், அடைப்பின் ஓரத்தில் தலை தூக்கிப் பார்க்கும் ட்ரைசெராடாப்ஸின் கண்ணும் அந்தப் பாராட்டுக்கு முழுத் தகுதியுடையவை. ஆனால் பிழைப்புக்காகப் பிறருடைய கடைக் கணக்குகளை எழுதி வரும் எனக்கு, விளையாடத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே கண் போனது திரையில் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு எண்களின் மேல்தான். ஒன்று கையிருப்பு, மற்றொன்று நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்பது. இந்த விளையாட்டை நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிய பிறகு உறுதியாகச் சொல்கிறேன்: டைனோசர் என்னும் போர்வைக்குள் இருப்பது பணத்தைப் பற்றிய ஒரு நல்ல விளையாட்டு.

ஒரு விலங்கு பூங்காவுக்குள் நடந்து வருவதற்கு முன்பு எத்தனை முறை கைப்பணம் வெளியே போகிறது என்பதைப் பார்த்தாலே இது விளங்கும். முதலில் புதைபடிவங்களைத் தோண்டி எடுக்க ஒரு குழுவை அனுப்ப வேண்டும், அதற்குச் செலவு. செரடோசாரஸ் என்ற ஊனுண்ணி வேண்டுமென்றால் அமெரிக்காவின் மோரிசன் பாறைப் படுகைக்கு அனுப்ப வேண்டும். உண்மையிலும் அதன் எலும்புகள் கிடைத்த இடம் அதுதான் என்பது எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம். குழு கொண்டுவரும் கற்களிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்க மீண்டும் செலவு. ஓர் இனத்தின் மரபணுத் தொகுதி 50 சதவீதம் சேர்ந்த பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் அதைக் கருவாக்க முடியும். அதற்கு இன்னும் பெரிய தொகை. கருவாக்கம் தோல்வியடைந்தால் போட்ட பணம் போனதுதான். வெற்றி பெற்று, அது வெளியே வந்து, பார்வையாளர் கண்ணில் பட்ட பிறகே வருமானம் தொடங்குகிறது. தோண்டியெடுத்த பொருள்களில் சில சமயம் தங்கமோ மணிக்கற்களோ அகப்படும். அவற்றை விற்றுக் கொஞ்சம் ஈடுகட்டலாம் என்பது ஒரு சிறு ஆறுதல்.

எனவே இங்கே டைனோசர் என்பது சரக்கு அன்று, முதலீடு. நீங்கள் தொழிற்சாலைக்கு வாங்கும் இயந்திரத்தைப் போலவே அதற்கும் ஆயுள் உண்டு. முதுமையடைந்து ஒரு நாள் அது இறந்துவிடும். உடலை ஹெலிகாப்டரில் அப்புறப்படுத்த வேண்டும். இடத்தை நிரப்ப இன்னொன்றைக் கருவாக்க வேண்டும். தேய்மானத்துக்கு ஒதுக்காத முதலாளிக்கு வரும் அதே நெருக்கடி, இருபது விலங்குகள் கொண்ட பூங்காவுக்கு ஒரே காலத்தில் வரும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதை எண்களாக மாற்றிக் காட்டியதுபோல் இருந்தது எனக்கு.

பூங்கா அமைக்கும் தீவுகளில் முதலாவதான மட்டான்செரோஸில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். கையில் சற்றுப் பணம் சேர்ந்தவுடன், ஊனுண்ணி இருந்தால்தான் கூட்டம் வரும் என்று எண்ணி, செரடோசாரஸின் மரபணுவில் கூடுதல் மாற்றங்களைச் சேர்த்துக் கருவாக்கினேன். மாற்றங்கள் கூடக்கூட விலங்கின் மதிப்பெண் உயரும்; அதே அளவுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறையும். முதல் முறை தோற்றது. விட்ட பணத்தைப் பிடிக்கும் வேகத்தில் அதே மாற்றங்களோடு இரண்டாம் முறையும் செய்தேன்; பிழைத்தது. ஆனால் நல்ல வேலி போடப் பணம் மிஞ்சவில்லை, அடைப்புக்குள் போதிய காடும் அமைக்கவில்லை. விலங்கின் நிம்மதியைக் காட்டும் அளவுகோல் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் அது வேலியை முட்டத் தொடங்கியது. மெல்லிய இரும்பு வேலி எத்தனை நேரம் தாங்கும்? அவசரப் புகலிடம் கட்டுவதை அடுத்த மாதச் செலவு என்று தள்ளி வைத்திருந்த காரணத்தால், பார்வையாளர்கள் ஓடுவதற்கு இடமில்லாமல் போயிற்று. இறந்தவர்களுக்கான இழப்பீட்டு வழக்குத் தொகை கணக்கிலிருந்து கழிந்தது, பாதுகாப்பு மதிப்பீடு விழுந்தது, அதோடு கூட்டமும் குறைந்தது. அந்த ஒரு விலங்கு எனக்குக் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டதே அதிகம்.

இதற்குப் பிறகு நான் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டேன். மின்நிலையத்தில் மிச்ச மின்சாரம் இருக்கிறதா, துணை மின்நிலையத்தின் எல்லைக்குள் புதிய இடம் வருகிறதா, வேலி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கருவாக்கத்துக்குப் பணம் கட்டுவேன். கட்டிய பிறகும் அதே அளவு தொகை இன்னொரு முறைக்குக் கையில் நிற்க வேண்டும். அகலக்கால் வைக்காமல் நடக்கும் இந்தப் பழக்கத்துக்கு விளையாட்டு உரிய பலனைக் கொடுக்கிறது. மரபணுத் தொகுதியை 50 சதவீதத்தோடு நிறுத்திவிடாமல் மேலே கொண்டுபோனால் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது, விலங்கின் மதிப்பும் கூடுகிறது. தோண்டும் குழுவுக்குச் செலவிடும் பணம் வீணாவதில்லை.

கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அவற்றைக் கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கடையையும் தொட்டுத் திறந்தால், எந்தப் பொருளை விற்பது, என்ன விலை, எத்தனை பணியாளர்கள் என்று மூன்றையும் மாற்றலாம். ஒரு பானக் கடையில் நான் அரை மணி நேரம் செலவிட்டேன். பணியாளர்களைக் கூட்டினால் அதிகம் பேருக்குப் பரிமாறலாம், ஆனால் வரும் கூட்டத்தைவிட ஆள் அதிகமானால் சம்பளம் லாபத்தைத் தின்றுவிடுகிறது. விலையை மெல்ல மெல்ல ஏற்றினேன். ஓர் எல்லை வரை வருமானம் கூடியது, அதைத் தாண்டியவுடன் வருபவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அந்த எல்லைக்கு ஒரு படி கீழே நிறுத்திவிட்டு, பணியாளர்களை வருகைக்கு ஏற்ப அமைத்ததும், புதிதாக எதையும் கட்டாமலேயே தீவின் நிமிட வருமானம் கண்கூடாக உயர்ந்தது. பூங்கா வளர்ந்து கூட்டம் பெருகும்போது இந்தக் கணக்கை மறுபடியும் செய்ய வேண்டும் என்பது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது. உணவகம் நடத்தும் எவரும் மாதந்தோறும் செய்யும் வேலைதான் அது.

இரண்டாவது தீவான மூவேர்த்தாவில் புயலைச் சமாளிப்பதே முக்கிய வேலை. பணத்தளவில் புதிதாக எதுவுமில்லை. அடுத்து வரும் டகான்யோ தீவுதான் இந்த விளையாட்டின் உச்சம் என்று கருதுகிறேன். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குக் கஞ்சன் என்று பொருள். முந்தைய நிர்வாகம் நட்டத்தில் விட்டுச் சென்ற பூங்காவை, கடனோடு சேர்த்து உங்கள் கையில் கொடுக்கிறார்கள். இருக்கும் கடைகளின் விலைகளையும் ஆள்களையும் திருத்துவதில்தான் நான் தொடங்கினேன். பிறகு ரேஞ்சர் ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு அடைப்புகளுக்குள் சென்று விலங்குகளைப் புகைப்படம் எடுத்தேன். இந்த விளையாட்டில் நல்ல படத்துக்குப் பணம் கிடைக்கும். ஒரே சட்டகத்தில் பல விலங்குகள் இருந்தால் கூடுதலாகவும், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தால் குறைவாகவும் கிடைக்கும். தண்ணீர் குடிக்க ஒன்றுகூடும் மந்தைக்காகப் புதர் ஓரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்த அந்தச் சில நிமிடங்கள், அத்தனை பெரிய பூங்காவின் அன்றைய வரவு ஒரே ஒரு படத்தை நம்பி நின்ற நிமிடங்கள், எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அங்கே கைகொடுத்த இன்னொரு வழி, தீவுகளுக்கிடையே உள்ள கணக்கு முறை. ஒவ்வொரு தீவுக்கும் பணம் தனித்தனி; ஒன்றின் லாபத்தை மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. ஆனால் ஆராய்ச்சியும் மரபணுத் தகவலும் எல்லாத் தீவுகளுக்கும் பொது. ஆகவே நன்றாக நடக்கும் மட்டான்செரோஸுக்குத் திரும்பி, அங்குள்ள பணத்தில் குழுக்களை அனுப்பி, மரபணுவை நிரப்பிக்கொண்டு டகான்யோவுக்கு வந்தால், கடனாளித் தீவு கருவாக்கத்துக்கு மட்டும் செலவிட்டால் போதும். லாபத்தில் ஓடும் கிளை ஆராய்ச்சிச் செலவைச் சுமப்பது போன்ற ஏற்பாடு இது. விளையாட்டு இதை எங்கும் வெளிப்படையாகச் சொல்லித் தருவதில்லை. நாமே கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சி பெரிது.

அறிவியல், கேளிக்கை, பாதுகாப்பு என்ற மூன்று பிரிவுகள் தரும் ஒப்பந்தங்கள் பணத்தட்டுப்பாட்டின்போது உதவுகின்றன. குறைந்த தொகைக்கு எளிதான வேலைகளும் வரும், இரண்டு விலங்குகளைச் சண்டையிட வைக்கச் சொல்லும் வேலைகளும் வரும். பின்னதை நான் ஏற்பதில்லை, விலங்கை இழந்தால் ஒப்பந்தத் தொகை ஈடாகாது. இந்த அமைப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு பிரிவுக்கு உழைத்தால் மற்றவற்றிடம் நற்பெயர் குறைகிறது. அது மிகவும் குறைந்தால் அந்தப் பிரிவினர் நாசவேலையில் இறங்குகிறார்கள், மின்சாரம் நிற்கிறது, அடைப்புக் கதவு திறந்துகொள்கிறது. சம்பளம் வாங்கும் இடத்திலேயே இப்படிச் செய்பவர்களைப் பணிநீக்கம் செய்ய வழியில்லாதது நிர்வாக விளையாட்டுக்குப் பொருந்தவில்லை. கடன் வாங்கும் வசதி இல்லாததும் ஒரு குறையே. வட்டிக் கணக்கு இருந்திருந்தால் டகான்யோ இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

பெரிய குறை நேரம். காலத்தை வேகப்படுத்தும் பொத்தான் இதில் இல்லை. பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டிய பொழுதுகள் நீள்கின்றன. 2021 நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் காலத்தை நிறுத்தவும் வேகப்படுத்தவும் வழி செய்திருக்கிறார்கள். அறிவியலாளர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, களைப்படைந்தால் ஓய்வு கொடுக்க வேண்டிய முறையும் வந்தது. பணியாளர் செலவு என்ற அளவில் அது நல்ல முன்னேற்றம். ஆயினும் இரண்டாம் பாகத்தின் கதைப் பகுதி குறுகியது, அதில் பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம் மிகக் குறைவு. நெருக்கடியை விரும்புபவர்கள் அதன் சவால் பகுதிக்கு நேராகச் செல்லலாம். முதல் பாகத்திலும் 2018ஆம் ஆண்டிலேயே இலவசமாகச் சவால் பகுதி சேர்க்கப்பட்டது.

புதிதாக வாங்குபவர்கள் மட்டான்செரோஸை நிதானமாக வளர்த்துவிட்டு டகான்யோவுக்குப் போவதே சிறந்தது. இடையில் திறக்கும் நூப்ளார் தீவைத் தள்ளி வையுங்கள். அங்கே பணத்துக்கு வரம்பே இல்லை. நினைத்த விலங்கை நினைத்தபோது கொண்டுவரலாம், எதையும் எண்ண வேண்டாம். நான் அங்கே மூன்று அடைப்புகளைக் கட்டி, அவற்றை நிரப்பி, சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டுவந்த டகான்யோவின் பானக் கடைக்குத் திரும்பிவிட்டேன்.